ஒண்ணும் ஆகாதுங்!

கொங்கு நாட்டுக்குன்னு தனியா ஒரு தேசிய கீதம் எழுதினா, அதோட முதல் வரி "அட, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்" என்பதாத்தான் இருக்கும். போர் மோட்டார் ஒயரை வெறுமனே முறுக்கி ஈரத் தரையில விட்டுட்டு சொல்வோம். பொட்டி ஆட்டோ மேல தக்காளிப் பெட்டிய ஆள் உசரத்துக்கு அடுக்கி கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது சொல்வோம். ஹெல்மெட்டை பெட்ரோல் டேங்க் மேல மாட்டிக்கிட்டு பொள்ளாச்சி ரோட்டில பறக்கும்போது சொல்வோம். பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதும் இல்ல. அதுதான் இதுல இருக்கிற சிக்கலே.

இந்தப் பதிவு ஒரு ஜாயின்ட் பத்தி. காரில் பெட்ரோல் வர்ற இரும்புப் பைப்பும் ரப்பர் ஓஸும் சேர்ற இடம். பி.காம் படிக்கிற பொண்ணுக்கு பெட்ரோல் பைப் பத்தி என்ன தெரியும்னு கேக்கறவங்க கேட்டுக்கலாம். எங்க பெரியப்பா பையன் ஏற்கனவே கேட்டுட்டார். "உனக்கெதுக்கு அம்முணி இதெல்லாம், போயி டேலி சீட்டைப் பாரு"ன்னு. டேலி சீட்டைப் பாத்த கண்ணாலதான் இதையும் பாக்கறேன்.

விசயம் இதுதான். அண்ணன் ஒரு கார் கட்டிட்டு இருக்கார். தோட்டத்துச் சாளையில, ரெண்டு வருசமா. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில பொறுக்கின சதுரக் குழாயில பிரேம், பழைய ஆம்னி இன்ஜின் பின்னாடி, டேங்க் முன்னாடி, ரெண்டே சீட்டு. பாக்க நெசமாலுமே அழகா இருக்கும். வெல்டிங் எல்லாம் பிரமாதம், அதுல நான் குறை சொல்ல மாட்டேன். மூக்குல ஒரு ஸ்டிக்கர், ரெண்டு பக்கமும் கோடு, பேர் கூட வெச்சாச்சு. ஆனா டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் போக அவர் போட்டது ப்ரிட்ஜ் மெக்கானிக் கிட்ட வாங்கின கால் இன்ச் காப்பர் பைப். ரெண்டு முனையிலயும் 8 எம்எம் ரப்பர் ஓஸைச் சொருகி, சொட்டுநீர்ப் பைப்புக்குப் போடற ஸ்க்ரூ ஓஸ் கிளிப்பைப் போட்டு முறுக்கி விட்டுட்டார்.

மூணாவது தடவை ஸ்டார்ட் பண்ணும்போது பெட்ரோல் வாசம் வந்துச்சு. "புது வண்டின்னா அப்படித்தான்"னாங்க. நாலாவது தடவை ஆக்சிலேட்டர் குடுத்தப்ப இன்ஜின் பக்கத்து ஓஸ் கழண்டுது. பம்ப் நிக்கலை. சைலன்சர் மேல பீச்சி அடிச்சுது. அப்புறம் நடந்ததை நான் சாளைத் திண்ணையில உக்காந்து பாத்தேன். அண்ணன் சீட்டில இருந்து குதிச்சு பின்னாடி ஓடி ஓஸைக் கையால புடிக்கப் பாத்தார் (எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் அவருக்கே தெரியலை). இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வெந்து போச்சு. பெரியப்பா மோட்டாரைப் போடச் சொல்லி கத்தினார். தண்ணி அடிச்சிருந்தா பெட்ரோல் தண்ணி மேல மிதந்துக்கிட்டே சாளை முழுக்கப் போயிருக்கும். நல்லவேளை, கரண்ட் இல்ல. டிஎன்ஈபிக்கு வாழ்க்கையில முதல் தடவையா நன்றி சொன்னேன். பாத்தி போடக் குமிச்சிருந்த செம்மண்ணை ரெண்டு பேர் மம்முட்டியில அள்ளிப் போட்டு அணைச்சாங்க. மேல தென்னங்கீத்து கருகி நின்னுச்சு, பத்தலை.

இவ்வளவுக்கும் நான் இந்தப் பதிவை எழுதறது தீ பிடிச்சதுக்காக இல்ல. அதுக்கப்புறம் அண்ணன் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக. கட்டுப் போட்ட கையோட கட்டில்ல படுத்துக்கிட்டு, "கிளிப் லூசாயிடுச்சு அம்முணி. அடுத்த தடவை ரெண்டு கிளிப்பா போட்டுரலாம், ஒண்ணும் ஆகாது"ன்னார்.

ரெண்டு கிளிப்! தப்பான ஜாயின்ட்ல ஒரு கிளிப் நிக்கலைன்னா ரெண்டு கிளிப் போடறது, தப்பா வந்த பேலன்ஸ் சீட்டை ரெண்டு தடவை கூட்டிப் பாக்கற மாதிரி. கூட்டல் சரியாத்தான் இருக்கும். பதிவே தப்பு.

முதல்ல ஓஸ் எதுக்குன்னு கேக்கணும். இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உக்காந்து ஆடுது. பிரேம் ஆடறதில்ல. ஆடறதையும் ஆடாததையும் இரும்புப் பைப்பாலயே இணைச்சா பைப் களைச்சுப் போய் ஒரு நாள் ஒடியும். காப்பர்னா இன்னும் மோசம், ஆட ஆட அது இறுகிட்டே போய் வெடிச்சிரும். அதனாலதான் நடுவுல ஒரு சாண் ரப்பர். நீளமான ஓட்டம் பூரா ஸ்டீல் பைப், ஆடற இடத்தில மட்டும் குட்டியா ஓஸ். அண்ணன் பண்ணினது அதுக்குத் தலைகீழ். எங்கெல்லாம் பைப்பை வளைக்கச் சோம்பலா இருந்துச்சோ அங்கெல்லாம் ஓஸ். மொத்தம் ஆறு துண்டு ஓஸ், பன்னெண்டு ஜாயின்ட். ஒவ்வொரு ஜாயின்ட்டும் பெட்ரோல் வெளிய வர ஒரு கதவு. எனக்குத் தெரிஞ்சு ஒரு வீட்டுக்குப் பன்னெண்டு கதவு வெச்சு எதையுமே தாழ் போடாமத் தூங்கறவங்க எங்க ஊர்ல கூட யாரும் கிடையாது.

அடுத்து பைப்போட முனை. எந்தக் கம்பெனிக் காரையும் எடுத்து பெட்ரோல் பைப்போட நுனியப் பாருங்க. நுனியிலிருந்து கொஞ்சம் உள்ள தள்ளி சுத்தியும் மோதிரம் மாதிரி ஒரு மேடு இருக்கும். அழகுக்கு இல்ல. ஓஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏறி உக்காரும், கிளிப் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் பிடிக்கும். ஓஸ் கழண்டு வரணும்னா கிளிப் மேட்டைத் தாண்டி வரணும். அது வராது. பிடிக்கிற வேலையில பாதி இந்த மேட்டோடது, மீதிதான் கிளிப்போடது. மொழுமொழுன்னு இருக்கிற பைப் முனையில கிளிப் போட்டா, சோப்பு போட்ட கையில மீனைப் பிடிக்கிற மாதிரி.

இந்த மேட்டை வீட்டிலயே பண்ணலாம் என்பதுதான் எனக்குக் கோபத்தை இன்னும் ஏத்தினது. ப்ரிட்ஜ் மெக்கானிக் வெச்சிருக்கிற அதே பிளேரிங் டூல்ல, டபுள் பிளேர் பண்ற அடாப்டர் இருந்தா போதும். டபுள் பிளேருக்கு ரெண்டு கட்டம். முதல் கட்டத்தில பைப் முனை குமிழ் மாதிரி உப்பும், ரெண்டாவது கட்டத்தில அதை உள்ள மடிப்பாங்க. முதல் கட்டத்தோட நிறுத்திட்டா அந்தக் குமிழே மேடு. காப்பர் பைப் வித்த ஆளோட பையிலயே அந்த டூல் இருந்திருக்கும். கேக்கலை. ஒத்தை பிளேர் அடிச்சு அது மேல ஓஸை ஏத்தறவங்களும் இருக்காங்க. அது கூர் முனை, ஓஸோட உள்தோலை அறுக்கும். அதுவும் வேண்டாம். ஹேக்ஸா பிளேடுல அறுக்காம டியூப் கட்டர்ல வெட்டி, உள்விளிம்பை மழுக்கி, ஊதி சுத்தம் பண்ணணும். இல்லேன்னா அந்த இரும்புத் தூள் நேரா இன்ஜெக்டருக்குப் போகும்.

அளவும் முக்கியம். கால் இன்ச்னா 6.35 எம்எம். ஓஸோட உள்வட்டம் 8 எம்எம். நடுவுல இருக்கிற ஒன்றரை எம்எம்முக்கு மேலான இடைவெளிய கிளிப்ப முறுக்கி முறுக்கி மூடினார் அண்ணன். வட்டத்தை அமுக்கினா அது சின்ன வட்டமா ஆகாது, சுருக்கம் விழும். சுருக்கத்து வழியா பெட்ரோல் வரும். சரியான அளவு ஓஸ்னா கொஞ்சம் எண்ணெய் தொட்டு, பல்லைக் கடிச்சுத்தான் ஏத்த முடியும். சுலபமா ஏறற ஓஸ் சுலபமா இறங்கும்.

இப்ப கிளிப்புக்கு வருவோம், ஏன்னா சண்டையே அங்கதான். நம்ம தோட்டத்துப் பைப்புக்குப் போடற ஸ்க்ரூ கிளிப்புல பட்டை முழுக்க வரி வரியா வெட்டு இருக்கும், அந்த வெட்டுலதான் ஸ்க்ரூ பல் பதியும். முறுக்க முறுக்க ரப்பர் அந்த வெட்டு வழியா பிதுங்கி அறுபடும். ரெண்டாவது, ஸ்க்ரூ உக்காந்திருக்கிற வீடு நேர்ப்பட்டை. ரெண்டு இன்ச் பைப்புல அது தெரியாது. 14, 15 எம்எம் தடிமனுள்ள பெட்ரோல் ஓஸ்ல அந்த நேர்ப்பட்டையே சுத்தளவுல நல்ல பங்கு. அப்ப கிளிப் வட்டமா இருக்காது, ஒரு பக்கம் அமுங்கும், பக்கத்திலயே இடைவெளி விடும். பெட்ரோல் ஓஸுக்குன்னு தனியா கிளிப் வருது: வெட்டே இல்லாத மழமழ பட்டை, ஓரம் வெளிப்பக்கமா சுருட்டி விட்டது, 360 டிகிரியும் பிடிக்கும், சின்ன நட்டு போல்ட்டு போட்டு இறுக்கறது. கோயமுத்தூர்ல ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கேட்டா எடுத்துக் குடுக்கறாங்க. நான் போய் வாங்கிட்டு வந்தேன். ஓஸ், கிளிப் எல்லாம் சேத்தும் அண்ணன் மூக்கு ஸ்டிக்கருக்குக் குடுத்ததில பாதி கூட ஆகலை.

"முப்பது வருசமா ஒர்க்சாப் வெச்சிருக்கேன், கம்பி முறுக்கியே ஓட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகலையே"ன்னு ஒரு பெரியவர் சொன்னார். அவர் அனுபவத்தை நான் மதிக்கறேன். ஆனா அந்த அனுபவம் எதோட அனுபவம்னு கேக்கணும். டிவிஎஸ் 50 மொபெட்ல டேங்க் மேல, கார்புரேட்டர் கீழ. அரை மீட்டர் உசரத்தில நிக்கிற பெட்ரோல் குடுக்கற அழுத்தம் 0.04 பார் கூட வராது. 8 எம்எம் ஓஸை அது தள்ற விசை 20 கிராமுக்கும் கம்மி. அங்க கம்பி என்ன, சணல் கட்டினாலும் நிக்கும். பழைய அம்பாசடர், கார்புரேட்டர் மாருதியில மெக்கானிக்கல் பம்ப், 0.2, 0.3 பார். அதுக்கும் ஸ்க்ரூ கிளிப் ஒருமாதிரி ஓடிச்சு. எம்பிஎப்ஐ இன்ஜின்ல சுமார் 3 பார். அதே ஓஸை அது ஒன்றரைக் கிலோ விசையில தள்ளுது. ஒன்றரைக் கிலோ தக்காளியப் பையில போட்டு அந்த ஜாயின்ட்ல தொங்கவிட்டு, நாள் முழுக்க குலுக்கிக்கிட்டே இருக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்க. மொபெட்டை விட எழுபது, எண்பது மடங்கு. மாருதி 800ல எம்பிஎப்ஐ வந்தது 2000ல. ஆக நம்ம கைப்பழக்கம் முந்தின நூற்றாண்டோடது, இன்ஜின் இந்த நூற்றாண்டோடது.

இன்னொண்ணு, ரிக் லாரி, டிராக்டர்ன்னு நம்ம பக்கத்து ஒர்க்சாப் அனுபவம் பெரும்பாலும் டீசல் அனுபவம். டீசல் கசிஞ்சா பிசுபிசுன்னு அழுக்கு படியும், திட்டிக்கிட்டே துடைப்போம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலயே பத்தற அளவுக்கு ஆவி விடற சாமானம். அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம், பறந்து போகாது, குழியில, பிரேமுக்கு அடியில தேங்கி நிக்கும். ரெண்டையும் ஒரே கண்ணால பாக்கறது, எருமையையும் காளையையும் ஒரே கயித்துல கட்டறது.

அப்புறம் அந்தப் பெரியவர் சொல்ற "ஒண்ணும் ஆகலையே"ல ஒரு கணக்குப் பிழை இருக்கு. எரிஞ்சு போன வண்டி சர்வீசுக்குத் திரும்பி வர்றதில்ல. ஒர்க்சாப்புல நிக்கிற வண்டிகளை மட்டும் எண்ணினா எல்லாமே எரியாத வண்டியாத்தான் இருக்கும். எங்க ஸ்டேடிஸ்டிக்ஸ் மேடம் முதல் வாரத்திலயே சொல்லிக் குடுத்த விசயம் இது.

ஓஸ் பத்தியும் ஒரு வார்த்தை. பழைய வண்டியில இருந்து கழட்டின ஓஸை அப்படியே போடறாங்க. மாருதி 800 உற்பத்தி நின்னது 2014 ஜனவரியில. அப்ப அதுல இருந்து கழட்டற எந்த ஓஸும் பத்து வயசைத் தாண்டினது. கூட இப்ப பெட்ரோல் வேற பழைய பெட்ரோல் இல்ல. 2022 ஜூன்ல 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டினாங்க, 2023 பிப்ரவரியில 20 சதவீதப் பெட்ரோலை அறிமுகம் பண்ணினாங்க, 2025ல அது நாடு முழுக்க வந்தாச்சு. எத்தனால் பழைய காலத்து ரப்பரை உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும், ஈரத்தை இழுத்து இரும்பைத் துரு பிடிக்க வைக்கும். ஓஸ் மேல எழுதியிருக்கிறதைப் படிக்கணும். எஸ்ஏஇ 30 ஆர்7னா கார்புரேட்டருக்கு, 50 பிஎஸ்ஐ. 30 ஆர்9னா இன்ஜெக்ஷனுக்கு, 100 பிஎஸ்ஐ, உள்தோலே வேற ரகம், பெட்ரோல் ஆவியக் கூட அதிகம் விடாது. எதுவுமே எழுதாத ஓஸ்னா அது தண்ணிக்கு. தண்ணி விடுங்க.

"இதெல்லாம் பாரின்காரன் பேசறது, நம்மூருக்கு ஒத்து வராது"ன்னு அடுத்து வரும், தெரியும். நம்மூரா? எங்க ஊருக்குப் பக்கத்திலதான் செட்டிப்பாளையம். அங்க இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே 2003ல திறந்தது, 2.1 கிலோமீட்டர். யார் பேர்ல? கோயமுத்தூர்க்காரர் எஸ். கரிவரதன் பேர்ல. 1980களின் கடைசியில மாருதி 800 இன்ஜினை வெச்சு, ஒத்தை சீட்டுப் பந்தயக் காரை இங்கயே வடிவமைச்சுக் கட்டினவர். பார்முலா மாருதின்னு அதுக்குப் பேர். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில ஓட்டினது அந்த வகைக் கார்தான். கரிவரதன் 1995ல சின்ன விமானம் விழுந்து இறந்து போனார். அண்ணன் எடுத்திருக்கிறதும் கிட்டத்தட்ட அதே இன்ஜின் குடும்பம், அதே 796 சிசி, மூணு சிலிண்டர். ஆக சாளையில கார் கட்டறதுங்கிறது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்ல. நம்ம மண்ணுல அதை ஒழுங்கா பண்ணிக் காட்டின ஆளும் இருந்திருக்கார்.

அதே டிராக்ல காலேஜ் பசங்க தாங்களே கட்டின காரைக் கொண்டு வர்ற பார்முலா பாரத் போட்டி நடந்திருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற தோழி ஒருத்தி, இந்த மாதிரி மாணவர் பார்முலா போட்டிகளோட விதிப் புத்தகத்தைக் குடுத்தா. படிச்சு அசந்துட்டேன். நான் மேல சொன்ன கிளிப்தான், வார்த்தைக்கு வார்த்தை: 360 டிகிரி பிடிக்கணும், நட்டு போல்ட்டு இருக்கணும், ஓரம் சுருட்டியிருக்கணும். ஸ்க்ரூ கிளிப்? பெட்ரோல் லைன்ல எங்கயும் அனுமதி இல்ல. காரை மேஜை மேல ஏத்தி 60 டிகிரி வரைக்கும் சாய்ச்சுப் பாப்பாங்க. ஒழுகினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இருபது வயசுப் பசங்க, ஸ்பான்சர் தேடி அலையிற பசங்க, இந்த விதிக்குள்ள காரைக் கட்டறாங்க. பணம் இல்லாததால முடியலைன்னு சொல்றவங்க இதுக்குப் பதில் சொல்லட்டும். பின்னின ஸ்டீல் ஓஸும் திருகு மறை பிட்டிங்கும்தான் வேணும்னு நான் சொல்லவே இல்ல. அது வாங்க வசதி இருந்தா வாங்குங்க (வாங்கினாலும் 37 டிகிரி பிளேரையும் 45 டிகிரி பிளேரையும் கலந்து முறுக்காதீங்க, இறுகின மாதிரி இருக்கும், ஒழுகும்). மேடு வெச்ச பைப், சரியான ஓஸ், சரியான கிளிப். விதிப் புத்தகமே இதை ஒத்துக்குது.

எனக்கு இன்னொரு கோபம் இருக்கு, அது பேப்பர்காரங்க மேலயும் வீடியோ எடுக்கறவங்க மேலயும். "கிராமத்து இளைஞரின் சாதனை, பழைய இரும்பில் உருவான கார்"னு மாசம் ஒண்ணு வருது. மைலேஜ் கேக்கறாங்க, செலவு எவ்வளவுன்னு கேக்கறாங்க, அம்மா அப்பா பக்கத்தில நிக்க வெச்சு போட்டோ எடுக்கறாங்க. பெட்ரோல் எந்த வழியா போகுதுன்னு ஒருத்தர் கூடக் குனிஞ்சு பாத்ததில்ல. ஜி.டி. நாயுடு பேரை மட்டும் மறக்காம இழுப்பாங்க. பொள்ளாச்சி - பழனி ரோட்டில 1920ல பஸ் ஓட்ட ஆரம்பிச்ச மனுசன், தானே கழட்டி தானே மாட்டித் தொழில் கத்துக்கிட்டவர். 1952ல ரெண்டாயிரம் ரூபாய்க்கு ரெண்டு சீட்டுக் கார் பண்ணினார், கவர்மென்ட்டு லைசென்ஸ் குடுக்கலைங்கிற கதை எல்லாருக்கும் மனப்பாடம். அவர் நுணுக்கத்தில எவ்வளவு கறாரான ஆளுங்கிற பாதிக் கதை மட்டும் யாருக்கும் வேண்டாம். அவர் பேரைச் சொல்லிட்டு மொழுமொழு பைப்புல சொட்டுநீர்க் கிளிப் மாட்டறது அவருக்கு மரியாதையா?

இப்ப என் பாடத்துக்கு வர்றேன். எங்க பிசினஸ் எத்திக்ஸ் பேப்பர்ல போர்டு பின்ட்டோ கார் வரும். 1970கள்ல அமெரிக்காவில பின்னாடி இடிச்சா டேங்க் கிழிஞ்சு எரிஞ்ச கார். அந்தக் கம்பெனியோட 1973ம் வருசத்துக் குறிப்பு ஒண்ணு பிரபலம். வண்டிக்கு 11 டாலர் செலவு பண்ணினா பெட்ரோல் கசிவைத் தடுக்கலாம். ஒண்ணேகால் கோடி வண்டி, மொத்தச் செலவு 13.7 கோடி டாலர். தடுக்காட்டி 180 சாவு, தலைக்கு 2 லட்சம். 180 தீக்காயம், தலைக்கு 67,000. எரியற வண்டி 2,100, தலைக்கு 700. மொத்தம் 4.95 கோடி டாலர். ஆக தடுக்கறது நஷ்டம். (அந்தக் குறிப்பு பின்ட்டோவுக்கு மட்டும் போட்டதில்ல, வண்டி உருளும்போது கசியறதைப் பத்தி எல்லாக் காருக்கும் போட்டது. பாடப் புத்தகங்கள் இதைப் பல நேரம் விட்டுடும்.) 1978ல 15 லட்சம் வண்டியத் திரும்ப அழைச்சாங்க. கிளாஸ்ல நாங்க எல்லாரும் ச்சீன்னோம். இப்படியுமா மனுசன் கணக்குப் போடுவான்னோம்.

அந்தக் கணக்கு அசிங்கமானதுதான். ஆனா அவங்க கணக்காவது போட்டாங்க. நாம போடறதே இல்ல. இந்தப் பக்கம் சில நூறு ரூபா. அந்தப் பக்கம் அண்ணனோட இடது கை, பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி, பெரியப்பா வித்த ரெண்டு கன்னுக்குட்டி, பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் கேஸ் அடுப்பைப் பத்த வைக்கும்போது ரெண்டு அடி தள்ளி நிக்கறது. இதுல எதுக்குமே வவுச்சர் கிடையாது, அதனால கணக்குல வராதுன்னு நினைச்சுக்கறோம். போர்டுகாரன் உசிருக்கு விலை கம்மியா போட்டான்னு திட்டற நாம, விலையே போடாம இலவசமாக் குடுக்கறோம்.

"அப்ப வீட்டுல கார் கட்டறதையே தடை பண்ணணும்"னு கிளம்பறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன், உங்க கட்சியிலயும் நான் இல்ல. ரோட்டுக்கு ஏற்கனவே சட்டம் இருக்கு. புது மாடல் வண்டின்னா அரசு அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில பாஸ் ஆகணும். பதிவான வண்டியோட அமைப்பை மாத்த மோட்டார் வாகனச் சட்டம் 52ம் பிரிவு விடாது, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியாச்சு. அண்ணன் கார் ரோட்டுக்கு வரப் போறதில்ல, வரவும் கூடாது. ஆனா தோட்டத்துக்குள்ள, சொந்த நிலத்தில ஒருத்தர் இரும்பை வெட்டி ஒட்டிக் கத்துக்கறதைத் தடுத்தா, இந்த ஊர்ல மோட்டார் பம்ப்பும் பிறந்திருக்காது, கரிவரதன் காரும் பிறந்திருக்காது. கட்டட்டும். கட்டறவங்க இந்த ஒரு ஜாயின்ட்டை ஸ்டிக்கரை விட முக்கியமா நினைக்கட்டும்னுதான் கேக்கறேன். பெட்ரோல் பைப்பை சைலன்சர் பக்கம் விடாம, சீட்டு இருக்கிற இடத்துக்குள்ள ஜாயின்ட்டே வைக்காம, தகட்டைத் துளைச்சு போற இடத்தில ரப்பர் வளையம் போட்டு, பிரேமோட சாணுக்கு ஒரு கிளிப் போட்டுக் கட்டட்டும். பம்ப்பை நேரா சாவியில கனெக்ஷன் குடுக்காம, இன்ஜின் நின்னா தானும் நிக்கிற மாதிரி ரிலே வெச்சுக் குடுக்கட்டும். அன்னிக்கு அந்த ஒரு ரிலே இருந்து, இன்ஜின் இருமி நின்ன உடனே பம்ப்பும் நின்னிருந்தா தீ அவ்வளவு நேரம் எரிஞ்சிருக்காது. முதல் தடவை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, இன்ஜினைப் போடாம பம்ப்பை மட்டும் அஞ்சு நிமிசம் ஓட விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டிலயும் காஞ்ச காகிதத்தை வெச்சுப் பாக்கட்டும். இதுக்கு என்ன டிகிரி வேணும்? நான் பி.காம்.

அண்ணன் மறுபடி வேலைய ஆரம்பிச்சுட்டார். கை ஆறிடுச்சு, தோல் மட்டும் சுருங்கின மாதிரி இருக்கும். காப்பரைக் கழட்டிட்டு 8 எம்எம் ஸ்டீல் பைப் போட்டாச்சு. பன்னெண்டு ஜாயின்ட் நாலா ஆயிருக்கு. மூணுல மேடும் புதுக் கிளிப்பும் இருக்கு. டேங்குக்கு அடியில இருக்கிற நாலாவதுல மட்டும் இன்னும் பழைய ஸ்க்ரூ கிளிப். "அது டேங்கிலிருந்து பம்ப்புக்குப் போற பக்கம் அம்முணி, அங்க பிரஷரே இல்ல, ஒண்ணும் ஆகாது"ங்கறார். பிரஷர் இல்லைங்கிறது நெசம். ஆனா அது கழண்டா டேங்குல இருக்கிற மொத்தப் பெட்ரோலும் கீழ வரும், நிறுத்த வழியில்ல.

வண்டிச் சாவி இப்ப என் காலேஜ் பேக்ல இருக்கு. பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.